அக்கா மகனுக்கு நீல ரயில் கேக்

தலவாக்கலையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அக்கா மகனுக்கு வருகிற மாதம் ஐந்து வயது முடிகிறது. உடரட்ட மெனிகே மாதிரி நீல ரயில் கேக் வேண்டும் என்று நிற்கிறானாம். சித்தி செய்து தருவா என்று பாலர் பாடசாலையில் எல்லோரிடமும் சொல்லியும் விட்டான். இவர் இரண்டு தடவை கேக் சுட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு தடவையும் நடுவில் குழி விழுந்தது. ஐசிங்கில் நீலம் கலந்தால் பச்சையாகப் போகிறது. வீட்டில் இருப்பது ஒரு சின்ன மேசை ஓவன். செய்த கேக்கை அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் கொண்டு போக வேண்டுமாம். ஃபொன்டன்ட், அதாவது கேக்கை மூடுகிற சீனி மா, வாங்கிக் கட்டுப்படியாகாது. "நான் எங்கே பிழை விடுகிறேன்? பேசாமல் பேக்கரியில் ஓடர் கொடுத்து விடட்டுமா?" இதுதான் கேள்வி.

ஓடர் கொடுக்க வேண்டாம் தங்கச்சி. உங்கள் கையில் பிழை இல்லை. கொழும்பில் கடலோரத்தில் இருப்பவர்கள் எழுதி வைத்த அளவை அப்படியே எடுத்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் சுட்டிருக்கிறீர்கள். குழி விழுந்ததற்கு அதுதான் காரணம். பச்சை நிறத்துக்குக் காரணம் வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஹட்டனில் இருக்கிறேன். அக்கா பிள்ளைகள் மூன்று, அண்ணன் பிள்ளைகள் இரண்டு, இப்போது அக்கா மகளுடைய குழந்தையும் சேர்ந்து ஆறு பேருக்குப் பதினெட்டு வருஷமாகப் பிறந்தநாள் கேக் செய்கிறேன். பஸ், பொம்மை, கிரிக்கெட் மட்டை, த்ரீவீல், கொழுந்துக் கூடை, ரயில் என்று கேட்டதெல்லாம் செய்தாகிவிட்டது. இதில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் அடுப்பைப் பற்றியது இல்லை, குழந்தையைப் பற்றியது. அதை முதலில் சொல்லிவிட்டால் உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

சின்னப் பிள்ளை கேக்கில் நுணுக்கம் பார்ப்பதில்லை, அடையாளம் பார்க்கும். ஒரு உருவத்தில் அதன் கண்ணுக்குப் பட்டது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அது இருந்தால் கேக் ரயில்தான். அது இல்லாவிட்டால் நாம் பெட்டிக்குப் பெட்டி கைப்பிடி வைத்தாலும் ரயில் இல்லை.

அண்ணன் மகளுக்கு ஏழு வயதானபோது அவள் கேட்டது சிவனொளிபாதமலை. அம்மம்மா வீடு மஸ்கெலியாப் பக்கம். டிசம்பர் போயாப் பௌர்ணமியில் இருந்து மே மாத வெசாக் வரைக்கும் யாத்திரைக் காலம் அல்லவா, அப்போது இரவில் வாசலில் நின்றால் மலையில் விளக்கு வரிசை தெரியும். படிப்பாதையில் எரிகிற விளக்குகள் அடியில் இருந்து உச்சி வரை வளைந்து வளைந்து ஏறும். அவள் கேட்டது அந்த விளக்குகளைத்தான். இது எனக்கு உடனே புரியவில்லை. கோயில் மணி, மடம், படிக்கட்டு என்று ஒரு பேப்பரில் வரைந்து கொண்டிருந்தேன். பிறகு அவளையே கூப்பிட்டு, "மலையில் நீ என்ன பார்ப்பாய்?" என்று கேட்டேன். விரலைக் காற்றில் இப்படியும் அப்படியுமாக மேலே கொண்டு போனாள். அவ்வளவுதான். பெரிதும் நடுத்தரமும் சின்னதுமாக மூன்று வட்டச் சாக்லேட் கேக், ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கூம்பாகச் செதுக்கி, கறுப்புக்குக் கிட்டவான சாக்லேட் ஐசிங் பூசி, மஞ்சள் ஐசிங்கில் சின்னச் சின்னப் புள்ளியாக ஒரு பாதை. வேறு ஒன்றும் வைக்கவில்லை.

ஆகவே உங்கள் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் போங்கள். ரயில் வந்து நிற்கும்போது நீங்கள் ரயிலைப் பார்க்காதீர்கள், அவன் எதைப் பார்க்கிறான் என்று பாருங்கள். முன் விளக்கா, சன்னல் வரிசையா, கார்ட் காட்டுகிற பச்சைக் கொடியா? அந்த ஒன்றை நன்றாகச் செய்யுங்கள். மற்றது எல்லாம் நீலப் பெட்டி.

இதே காரணத்தால் இன்னொன்றும் சொல்கிறேன். கார்ட்டூன் முகம் வேண்டும் என்று கேட்டால் மெதுவாக வேறு பக்கம் திருப்புங்கள். கண் ஒரு நூல் தள்ளிப் போனாலும் முகம் ஆளே மாறிவிடும், பிள்ளைக்கு அது உடனே தெரியும். அந்தப் பாத்திரத்தின் தொப்பி, வண்டி, சட்டை நிறம் என்று செய்தால் அழகாக வரும்.

சரி, இனி குழிக்கு வருவோம்.

உயரம் கூடக் கூட வளியமுக்கம் குறையும். தலவாக்கலை, ஹட்டன் உயரத்தில் கடல் மட்டத்தை விட ஏறத்தாழ 13 வீதம் குறைவு, 6,000 அடிக்கு மேலே இருக்கிற நுவரெலியாவில் ஏறத்தாழ 20 வீதம் குறைவு. மேலிருந்து அமுக்குகிற காற்று குறைவாக இருப்பதால் பேக்கிங் பவுடர் விடுகிற வாயு கேக்குக்குள் தாராளமாக விரிகிறது. கலவை வேகமாகப் பொங்கி எழும்புகிறது. ஆனால் அதைத் தாங்க வேண்டிய மாவும் முட்டையும் அதற்குள் வெந்து இறுகவில்லை. எழும்பினது தாங்க ஆளில்லாமல் நடுவில் உட்காருகிறது. அதோடு இங்கே தண்ணீர் கொதிப்பதே 96 பாகையில், நுவரெலியாவில் 94 பாகைக்குக் கிட்ட. அதனால் ஈரம் சீக்கிரம் ஆவியாகி, சீனியின் செறிவு கூடி, கேக் இறுகுவது இன்னும் தாமதமாகும். நம் பக்கம் பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். அதே கதைதான்.

ஊர் முழுக்கத் தெரிந்த பட்டர் கேக் அளவு பட்டர், சீனி, மா மூன்றும் 250 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி. கண்டியில் இது அப்படியே சரிவரும். நம் உயரத்துக்கு நான் போடுவது பட்டர் 250 கிராம், சீனி 220, மா 270, முட்டை 5, பேக்கிங் பவுடர் தலை தட்டி ஒன்றரைத் தேக்கரண்டி, பால் ஐந்தாறு மேசைக்கரண்டி, வனிலா ஒரு தேக்கரண்டி. நுவரெலியாவில் இருப்பவர்கள் பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியாக்கி, சீனியை 200 ஆக்கி, பால் இன்னும் ஒரு கரண்டி சேர்க்கலாம். மா கொஞ்சம் கூடியிருப்பது வெட்டிச் செதுக்கவும் நல்லது. பஞ்சு மாதிரி கேக்கைச் செதுக்கினால் ரயில் பெட்டியின் மூலை உதிரும். கடையில் கிடைக்கிற சீனி பருமனாக இருக்கும், கிரைண்டரில் ஒரு சுற்று விட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் கரையாமல் நின்று கேக்கின் மேலே புள்ளி புள்ளியாக வரும்.

அப்புறம் குளிர். இதில்தான் மலையகத்துக் கேக் அதிகம் கெடுகிறது, ஆனால் அளவு எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. "பட்டரை வெளியில் வைத்து இளக விடுங்கள்" என்று எழுதியிருக்கும். ஜனவரி மாதம் காலையில் நம் குசினியில் வெளியில் வைத்தால் பட்டர் இளகாது, கல்லாகத்தான் இருக்கும். கல் பட்டரை எவ்வளவு நேரம் அடித்தாலும் காற்றுப் பிடிக்காது. அதற்காக அடுப்பில் வைத்து உருக்கவும் கூடாது, உருகினதும் காற்றுப் பிடிக்காது. பட்டரைச் சின்னத் துண்டாக வெட்டிப் பாத்திரத்தில் போட்டு, அந்தப் பாத்திரத்தைக் கை பொறுக்கிற சூட்டில் உள்ள தண்ணீரில் இரண்டு நிமிஷம் வையுங்கள். விரலால் அமுக்கினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். முட்டையையும் ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு வையுங்கள். குளிர் முட்டையை ஊற்றினால் கலவை திரைந்து தயிர் மாதிரி ஆகும். அப்படி ஆகிவிட்டால் பயப்பட வேண்டாம், ஒரு கரண்டி மா தூவி அடித்தால் சேர்ந்து கொள்ளும்.

சீனியும் பட்டரும் வெளுத்து இலேசாக வரும் வரை நன்றாக அடிக்கலாம். முட்டையை ஒவ்வொன்றாக ஊற்றி, சேர்ந்ததும் நிறுத்துங்கள். மா போட்ட பிறகு பீட்டரை எடுத்து வைத்துவிட்டு மரக்கரண்டியால் மடித்துக் கலவுங்கள். மலையில் அளவுக்கு மேல் அடித்த கேக்கும் பொங்கி விழும்.

மேசை ஓவன் போதும். நானும் அதில்தான் சுடுகிறேன். ஆனால் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை சுடாதீர்கள். எல்லா வீட்டிலும் கரண்ட் பாவிக்கிற நேரம் அது. எங்கள் லைனில் அந்த நேரம் வோல்டேஜ் இறங்கி ஓவன் சூடேறவே மாட்டாது. காலையில் சுடுங்கள். கால் மணி நேரம் முன்னதாகவே ஓவனைப் போட்டு நன்றாகச் சூடாக்கி, வழக்கமாகச் சொல்கிற 175 பாகைக்குப் பதிலாக 180, 185 இல் வையுங்கள். கொஞ்சம் கூடிய சூடு கேக்கைச் சீக்கிரம் இறுக வைக்கும், விழ விடாது. 8 அங்குலச் சதுரத் தட்டு என்றால் 45 நிமிஷம் அளவில் ஆகும். 40 ஆவது நிமிஷத்தில் ஈர்க்குக் குத்திப் பாருங்கள். அதற்கு முன்னால் கதவைத் திறக்காதீர்கள், நம் குளிர்க் காற்று உள்ளே போனால் அதுவே கேக்கை உட்கார வைக்கும். மேல் பக்கம் கறுக்கத் தொடங்கினால் ஃபொயில் பேப்பரை மேலே போட்டு மூடிவிடலாம்.

மேலே மேடாக எழும்பாமல் தட்டையாக வர ஒரு வழி. பழைய பருத்திச் சேலையில் தட்டு உயரத்துக்குப் பட்டியாகக் கிழித்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தட்டைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஓரம் முந்தி வேகாது, நடுவும் ஓரமும் ஒன்றாக எழும்பும். ரயில் பெட்டிக்கு இது முக்கியம். மேசை ஓவனில் சூட்டுக் கம்பி கிட்ட இருக்கும், துணி அதில் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஓவனே இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்து வரிசை வீடான லயத்தில் யாரிடமும் ஓவன் இல்லை. அம்மா கலவையைத் தட்டில் ஊற்றி, ஒயில் பேப்பர் ஓரத்தில் பெயர் எழுதி, டவுன் பேக்கரிக்குக் கொடுத்து அனுப்புவார். பாண் சுட்டு இறக்கிய பிறகு போறணையில் இருக்கிற அமைதியான சூட்டில் அது வெந்து வரும். அந்த மாதிரிச் சீராகப் பொன்னிறமாக வெந்த கேக்கை நான் பிறகு பார்க்கவில்லை. விறகுப் போறணை உள்ள பேக்கரி பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கனமான பெரிய சட்டியில் இரண்டு அங்குலம் காய்ந்த மணல் போட்டு, மேலே ஒரு கம்பி வளையம் வைத்து, மூடிச் சூடாக்கி, அதற்குள் தட்டை வைத்துச் சுடலாம். மேலே நிறம் வராது. ஐசிங்கால் மூடப்போகிற கேக்குக்கு நிறம் எதற்கு? 2022 இல் கேஸும் இல்லாமல், கரண்டும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை இல்லாமல் இருந்த மாதங்களில் அக்காவின் கடைக்குட்டிக்கு விறகடுப்பில் இப்படித்தான் சுட்டேன்.

கேக்கைச் சுட்ட அன்றே வெட்டாதீர்கள். ஆறவிட்டு, சுற்றிக் கட்டி, ஒரு இரவு வையுங்கள். சனிக்கிழமை பிறந்தநாள் என்றால் வியாழன் சுட்டு, வெள்ளி வெட்டிப் பூசி, சனி காலை சோடனை. பட்டர் கேக் நம் குளிரில் மூன்று நாளைக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது ரயில். 8 அங்குலச் சதுரத்தை ஒரே அகலமாக மூன்று நீளத் துண்டாக வெட்டுங்கள். ஒன்று என்ஜின். அதில் நுனியில் ஒன்றரை அங்குலம் குறைத்து, முன்பக்க மேல் மூலையைக் கத்தியால் சாய்வாகச் சீவி விடுங்கள். இரண்டாவது முழுப் பெட்டி. மூன்றாவதைப் பாதியாக வெட்டுங்கள், ஒரு பாதி போதும். ஏனென்றால் உங்கள் ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறது. உங்களுக்கும் ஹட்டனுக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறதே, மலைநாட்டுப் பாதையிலேயே நீளமான சுரங்கம் அது. பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பெட்டியின் வால் பக்கம் மலைக்குள்ளே இருக்கிறது, ஆகவே அதைச் செய்யவே வேண்டியதில்லை. மிச்சமான துண்டு, சீவின தூள் எல்லாவற்றையும் இரண்டு கரண்டி ஐசிங் விட்டுப் பிசைந்தால் களிமண் மாதிரிக் கைக்கு வசப்படும். அதைப் பாதிப் பெட்டியின் பின்னால் குவித்து அமுக்கினால் அதுதான் மலை. ஓட்டை குடைய வேண்டாம், பெட்டியைச் சுற்றிச் சாக்லேட் ஐசிங்கில் ஒரு வளைவு இழுத்தால் சுரங்க வாசல் தானாகத் தெரியும். மலைக்குப் பச்சை ஐசிங்கை நட்சத்திர நொசிலால் சின்னச் சின்ன மொட்டாக, வரிசை வரிசையாக வைத்து விடுங்கள். தேயிலைச் செடி ஆகிவிடும். வரிசையைக் கொஞ்சம் வளைத்து வையுங்கள், நம் மலையில் எந்த நிரை நேராக ஓடுகிறது?

மூன்று துண்டையும் நேர்கோட்டில் வைக்காமல் வளைவாக வைக்க வேண்டும். பலகை சின்னதாக இருந்தாலும் இடம் போதும், மலைநாட்டு ரயில் என்பதும் அந்த வளைவில்தான் தெரியும். பலகை இரண்டு அடிக்கு ஒன்றரை அடி இருந்தால் தாராளம்.

பூசுவதற்கு 250 கிராம் பட்டருக்கு 500 கிராம் ஐசிங் சீனி, பால் இரண்டு கரண்டி. ஐசிங் சீனியைக் கட்டாயம் சலியுங்கள், ஒரு சின்னக் கட்டி நொசிலை அடைத்துவிடும். முதலில் நிறம் போடாத ஐசிங்கை மெல்லிசாக எல்லாப் பக்கமும் தேய்த்து, யன்னலோரம் ஒரு மணி நேரம் வையுங்கள். வெட்டின கேக்கின் தூள் எல்லாம் அந்தப் பூச்சில் பிடித்துக் கொள்ளும். கொழும்பில் இதற்கு ஃப்ரிட்ஜ் வேண்டும், நமக்கு யன்னல் போதும். அதன்மேல் நிறப் பூச்சுப் பூசினால் ஒரு தூள் தெரியாது.

நீலம் ஏன் பச்சையாகிறது? பட்டர் மஞ்சள். மஞ்சளில் நீலம் விழுந்தால் பச்சைதான் வரும். மாஜரின் என்றால் இன்னும் மோசம். இதற்கு மூன்று வேலை செய்ய வேண்டும். முதலாவது, சீனி சேர்க்கும் முன்பே பட்டரைத் தனியாகப் பத்து நிமிஷம் அடியுங்கள். மஞ்சள் போய்ப் பால் நிறத்துக்குக் கிட்ட வரும். இரண்டாவது, ஊதா நிறத்தை ஒரு பல்லுக்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு, அந்தத் தொடுகை அளவு மட்டும் கலவுங்கள். மஞ்சளை ஊதா அடித்துவிடும், ஐசிங் வெள்ளையாகத் தெரியும். இந்த இடத்தில் ஒரு துளி கூடினாலும் சாம்பலாகிவிடும், ஆகவே பொறுமை. மூன்றாவது, தண்ணீர் மாதிரி இருக்கிற கலரை விட்டுவிட்டு ஜெல் கலர் எடுங்கள். தண்ணீர்க் கலரை நிறம் வரும் வரைக்கும் ஊற்றினால் ஐசிங் இளகி வடியும். நிறம் நீங்கள் நினைத்ததற்கு ஒரு படி குறைவாக இருக்கும்போதே நிறுத்தி, மூடி ஒரு இரவு வையுங்கள். விடிந்து பார்த்தால் நிறம் ஏறியிருக்கும். இது தெரியாமல் முதல் நாளே கடும் நீலம் வரும் வரை கலந்தால் அடுத்த நாள் கருநீலமாகி, சாப்பிடுகிற பிள்ளைகளின் பல்லும் நாக்கும் நீலமாகும்.

இவ்வளவு செய்தும் நீலம் வரவில்லை என்றால் அக்கா மகனோடு பேசிப் பாருங்கள். நம் பாதையில் ஓடுகிற பழைய செம்பழுப்புப் பெட்டிகளும் அவனுக்குத் தெரிந்த ரயில்தான். சாக்லேட் ஐசிங்கில் கொஞ்சம் சிவப்பு விட்டால் அந்த நிறம் சொல்லாமலே வரும். கறுப்பு வேண்டிய இடத்திலும் சாக்லேட் ஐசிங்கில் இருந்தே தொடங்குங்கள். வெள்ளை ஐசிங்கில் கறுப்புக் கலரைக் கொட்டினால் கசக்கும். ரோசா நிறத்துக்கு மட்டும் கலர் வாங்கவே வேண்டாம், நுவரெலியா பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து சில துளி விட்டால் அழகான நிறம் வரும். அதை ஐசிங்கில் மட்டும் விடுங்கள். கேக் கலவையில் விட்டுச் சுட்டால் நிறம் பழுப்பாகிவிடும்.

ஃபொன்டன்ட் இல்லாதது உங்களுக்கு நல்லதே. மூடுபனி இறங்குகிற ஊரில் ஃபொன்டன்ட் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் வியர்க்கும். தென்மேற்குப் பருவமழை பெய்கிற மே முதல் செப்டெம்பர் வரை நம் பக்கத்தில் ஃபொன்டன்ட் பொம்மை காய்ந்து நான் பார்த்ததே இல்லை. பண்டாரவளை, பதுளைப் பக்கம் அந்த மாதங்களில் வறட்சி, அங்கே முடியும். பிள்ளைகளும் ஃபொன்டன்டை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள்.

சன்னலுக்குச் சாக்லேட் கட்டியை உடைத்தால் வருகிற சின்னச் சதுரம் சரியான அளவு. பக்கத்துக்கு ஐந்து போதும். சில்லுக்குச் சின்ன வட்டச் சாக்லேட் பிஸ்கட், தண்டவாளத்தின் கீழ் வருகிற சிலிப்பர் கட்டைக்குச் சாக்லேட் வேஃபர். பிஸ்கட்டும் வேஃபரும் ஐசிங்கின் ஈரத்திலும் பனியிலும் நமுத்துப் போகும், ஆகவே வெட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஒட்டுங்கள். ஏதாவது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றால் ஈர்க்கோ பல்லுக்குத்தும் குச்சியோ உள்ளே வைக்காதீர்கள். சமைக்காத ஸ்பகெட்டிக் குச்சி அதே வேலையைச் செய்யும், தெரியாமல் கடித்தாலும் மரக்குச்சி அளவுக்கு ஆபத்து இல்லை. விருந்துக்கு மூன்று நான்கு வயதுக்குக் கீழே பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் துண்டில் ஜூஜூப்ஸ், வெள்ளி உருண்டை, முழுக் கஜு எதுவும் இல்லாமல் எடுத்துவிட்டுக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கும். முட்டை வெள்ளைக்கருவைப் பச்சையாக அடித்துச் செய்கிற ஐசிங்கும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஜூஜூப்ஸிலும் மார்ஷ்மெலோவிலும் ஜெலட்டின் இருக்கலாம். மரக்கறி சாப்பிடுகிறவர்களோ முஸ்லிம் அயலவர்களோ வருவதாக இருந்தால் பொதியைத் திருப்பிப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

முட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. வெள்ளிக்கிழமை பிறந்தநாள் வந்து வீட்டில் முட்டை கூடாது என்றால், டின்பாலும் தயிரும் போட்டுச் செய்கிற கேக் இருக்கிறது. ருசி நல்லது, ஆனால் மெத்தென்று உதிரும், செதுக்க வராது. அப்போது ரயில் வேண்டாம், வயது எண்ணை வடிவமாக வெட்டிக் கொடுங்கள். அல்லது கேக் வெட்டுவதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். தோட்டத்தில் எல்லோரும் வீட்டில் இருக்கிற நாளும் அதுதான்.

கேக் போதுமா என்ற கவலை உங்களுக்கு இருக்கும். லயத்தில் கேக் வெட்டினால் ஒரு வீட்டுக்குக் கொடுத்து ஒரு வீட்டுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, அதாவது பன்னிரண்டு வீடு இருந்தது, பன்னிரண்டுக்கும் கேக் போனது. இதற்காக ரயிலைப் பெரிதாகச் செய்யாதீர்கள். பெரிய கேக் நடுவில் வேகாது, செலவும் கட்டாது. ரயிலை இந்த அளவிலேயே வைத்துக் கொண்டு, அதே கலவையில் இன்னொரு தட்டுக் கேக் சுட்டு, ஐசிங் இல்லாமல் சதுரமாக வெட்டி வையுங்கள். வெளியே போவது அது. ரயில் பிள்ளைகளுக்கு.

கடைசியாகக் கொண்டு போகிற விஷயம். நீங்கள் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் எனக்கு ஒரு முறை அடி விழுந்தது. அந்தச் சிவனொளிபாதமலைக் கேக்கை முழுசாக ஒட்டி முடித்து ஒரே பெட்டியில் வைத்து நாவலப்பிட்டியில் அண்ணன் வீட்டுக்குக் கொண்டு போனேன். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் இறங்க இறங்கக் கேக் ஒரு பக்கம் சாய்ந்து கொண்டே வந்தது. வளைவு மட்டும் காரணம் இல்லை. ஹட்டனில் கல் மாதிரி இருந்த ஐசிங், கீழே போகப் போகச் சூட்டில் இளகிவிட்டது. மேல் வட்டம் வழுக்கி இறங்கி, விளக்குப் பாதை பாதியில் அறுந்து போனது. அண்ணி வீட்டுக் குசினியில் நின்று உச்சியைத் தூக்கி வைத்து, நான்கு ஸ்பகெட்டிக் குச்சி இறக்கி, பையில் மிச்சம் இருந்த மஞ்சள் ஐசிங்கால் விளக்கைத் திரும்ப வைத்தேன். மெழுகுதிரி கொளுத்த முன்னால் அண்ணன் மகள் கதிரையில் முழங்கால் போட்டு நின்று, ஐசிங்கில் படாமல் ஒரு விரலை ஒவ்வொரு விளக்குக்கும் நேரே பிடித்து, அடியில் இருந்து உச்சி வரை எண்ணினாள். முப்பத்தியெட்டு. யாரும் பேசவில்லை, அவள் எண்ணி முடிக்கும் வரைக்கும் எல்லோரும் நின்றோம்.

அதனால் ஒட்டிக் கொண்டு போகாதீர்கள். என்ஜின் ஒரு பெட்டியில், ரயில் பெட்டிகள் ஒரு பெட்டியில், மலை ஒரு பெட்டியில். ஒவ்வொன்றின் அடியிலும் பிறிஸ்டல் போர்ட் அட்டைத் துண்டு ஒன்று, அதில் ஒரு சொட்டு ஐசிங் வைத்து ஒட்டினால் நகராது. பெட்டியை மடியில் வைக்காதீர்கள், மடி சரிவு. கால் பக்கத்தில் நனைந்த துணி விரித்து அதன்மேல் வையுங்கள். ஒரு பையில் நீல ஐசிங்கும் ஒரு பையில் சாக்லேட் ஐசிங்கும் தனியாக எடுத்துப் போங்கள், போன இடத்தில் எது உடைந்திருந்தாலும் அதை வைத்துச் சரிக்கட்டலாம். கம்பளை, கண்டி என்று இறங்குவதாக இருந்தால் ஐசிங்கில் பால் விடாமல் இறுக்கமாகச் செய்து கொள்ளுங்கள்.

இன்னொன்று. என்ஜினுக்கு முன் விளக்கு இரண்டு வேண்டுமே, இரண்டு மஞ்சள் ஜூஜூப்ஸ். அவற்றை நீங்கள் ஒட்டாதீர்கள். அக்காவின் மூத்த மகனுக்கு ரயில் செய்தபோது நான் விளக்கை மறந்தே போனேன். எல்லாம் முடிந்து அவனைக் கூப்பிட்டுக் காட்டினால், சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சித்தி, லைட் எங்க? இருட்டுக்குள்ள எப்புடிப் போகும்?" என்று கேட்டான். கையில் இரண்டு மஞ்சள் ஜூஜூப்ஸைக் கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக் கொண்டு ஒன்றை வைத்தான், தள்ளி நின்று பார்த்தான், வந்து மற்றதை வைத்தான். பிறந்தநாள் காலையில் உங்கள் அக்கா மகனுக்கும் அந்த இரண்டையும் எடுத்து வையுங்கள். கையை மட்டும் முதலில் கழுவச் சொல்லுங்கள்.